கடாரம் சென்ற கலங்களும் நம் கதாசிரியர்களும்

கடல் கடந்து சென்றவனின் கதையை எழுத ஆசைப்படாத எழுத்தாளர் எந்த மொழியிலும் குறைவு. தமிழில் அந்த ஆசைக்கு நிலையான ஒரு பெயர் உண்டு, அது கடாரம். தமிழகத்து எழுத்தாளருக்குக் கடாரம் தொலைதூரத்துக் கனவு. நமக்கோ அது காலையில் கோலாலம்பூரில் பேருந்து ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரக்கூடிய இடம். ஆகவே, கடாரப் பயணத்தைப் பற்றிக் கதை எழுதும்போது தமிழகத்து எழுத்தாளருக்கு இல்லாத ஒரு பொறுப்பு நமக்கு உண்டு. அது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கைப்படிகளை வாசிக்கும் பணி எனக்கும் வேறு இருவருக்கும் வாய்த்தது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மாடியறையில் அமர்ந்து படித்தோம். அவற்றுள் ஒரு கதை இராசேந்திர சோழனின் படையெடுப்பைப் பற்றியது. நடை ஓட்டமாக இருந்தது. ஆனால் அதில் வரும் சோழ வீரன் பகைவர் கண்ணில் படாதிருக்க ஒரு ரப்பர் மரத்தின் பின்னே ஒளிகிறான். கடாரத்துச் சுல்தான் அவனைச் சிறைப்பிடிக்கிறார். அரண்மனை விருந்தில் மிளகாய்ச் சம்பல் மணக்கிறது. நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

சிரிக்கக் காரணம் இருந்தது. ரப்பர் இந்நாட்டு மண்ணில் வேரூன்றியது 1877க்குப் பிறகு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; போர்த்துக்கீசியர் 1498இல் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பின்னரே நம் அடுக்களைக்கு வந்தது. கெடாவின் அரசர் இசுலாம் தழுவியதாக மரபு கூறும் ஆண்டு 1136; சோழர் கலங்கள் வந்ததோ 1025இல். சிரிப்பு அடங்கியதும் எங்களுள் மூத்தவர் அமைதியாக ஒன்று கேட்டார்: "ரப்பர் மரத்தை வெட்டிவிட்டால் இந்தக் கதை சரியாகிவிடுமா?"

அன்று நாங்கள் விடை சொல்லவில்லை.

வடகடலிலிருந்து ஓர் ஒப்புமை

சோழர் கடாரம் சென்ற அதே தலைமுறையில் உலகின் மற்றொரு மூலையில் மற்றொரு கடலோடிக் கூட்டம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. வைக்கிங்குகள் எனப்படும் வடநாட்டார் கிரீன்லாந்திலிருந்து மேற்கே சென்று வட அமெரிக்கக் கரையில் இறங்கினர். அப்பயணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லெய்ஃப் எரிக்சன். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் அவர்கள் குடியிருந்த தடயங்களை 1960இல் ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் துணைவியார் ஆன் ஸ்டீனும் கண்டனர். அங்கே உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகளை அறிவியலார் அண்மையில் ஆராய்ந்தனர். 993ஆம் ஆண்டில் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு மரவளையத்தில் விட்டிருந்த சுவட்டிலிருந்து எண்ணி, அம்மரங்கள் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று 2021இல் அறிவித்தனர். நம் 1025க்கு நான்கே ஆண்டுகள் முந்தியது.

அந்தப் பயணத்தைப் பற்றிக் கதை எழுதுபவனுக்குக் கையில் இருப்பவை எவை? முதலாவது, ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட சாகாக் கதைகள். அவை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிற்பட்டவை, ஒன்றோடொன்று முரண்படுபவை. ஒரு கதையில் புதிய கரையை முதலில் கண்டவன் பியார்னி என்னும் வணிகன். லெய்ஃப் அவன் சொற்கேட்டுத் திட்டமிட்டுப் போகிறான். மற்றொன்றில் லெய்ஃபே வழிதவறி அக்கரையில் ஒதுங்குகிறான். இரண்டாவது, கப்பல். 1880இல் நார்வேயில் தோண்டியெடுத்த கொக்ஸ்டாட் கப்பல் ஏறத்தாழ 23 மீட்டர் நீளம்; அதன் பலகையையும் துடுப்புத் துளையையும் எழுத்தாளன் நேரில் பார்க்கலாம். மூன்றாவது, குடியிருப்பின் எச்சங்கள். அவற்றுள் என்னைக் கவர்ந்தது நூல் நூற்கும் தக்கிளியின் சிறிய கல் வில்லை. வீரர் மட்டுமன்று, நூல் நூற்கத் தெரிந்த பெண்ணும் அக்கப்பலில் வந்திருக்கிறாள் என்பதற்கு அச்சிறு கல்லே சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வளவு இருந்தும் உலகம் வைக்கிங்கின் தலையில் கொம்பு வைத்த தலைக்கவசத்தை மாட்டிவிட்டது. அப்படியொரு போர்க்கவசம் அவர்களிடம் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைநாடக மேடையின் ஒப்பனை அது. 1876இல் வாக்னரின் நாடகத்திற்கு உடை வரைந்தவர் புகழ்பெறச் செய்தது. கொம்பைக் கழற்றிவிட்டு எழுதும் எழுத்தாளர் அங்கே இன்று பலர். ஆனால் அங்குள்ள நல்ல எழுத்தாளர் கொம்பைக் கழற்றுவதோடு நிற்பதில்லை. சாகாவிலேயே ஒரு செய்தி இருக்கிறது: புதிய கரையில் ஏற்கனவே மக்கள் வாழ்ந்தனர், வந்தவர்கள் அவர்களோடு வாணிகம் செய்தனர், சண்டையிட்டனர், நிலைத்திருக்க முடியாது எனக் கண்டு திரும்பினர். வென்றதை மட்டுமன்றித் திரும்பியதையும் அம்மரபு நினைவில் வைத்திருக்கிறது.

கல் சொல்வதும் சொல்லாததும்

நம்மிடம் இருப்பது என்ன? இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. தஞ்சைப் பெருவுடையார் கோயில் உட்படப் பல இடங்களில் பொறிக்கப்பட்டது. அது கூறும் செய்தியைச் சுருக்கினால் இவ்வளவே: அரசன் பல கலங்களைக் கடலில் அனுப்பினான்; கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு பிடித்தான்; பெருஞ்செல்வத்தையும் வித்தியாதர தோரணம் என்னும் வாயிலையும் கைக்கொண்டான்; கடாரத்தோடு சேர்த்துப் பதின்மூன்று இடங்களை வென்றான். இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று அப்பட்டியல் நீள்கிறது. இக்கடாரமே கெடா என்பதையும் ஸ்ரீவிசயம் ஒரு பேரரசு என்பதையும் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் நிறுவினர். 1918இல் செதேஸ் எழுதிய கட்டுரையும், 1935 முதல் வெளிவந்த நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறும் அவற்றுள் தலையாயவை.

இனி, கல் சொல்லாததைப் பாருங்கள். எத்தனை கலம்? சொல்லவில்லை. படைத்தலைவன் பெயர்? இல்லை. எவ்வழியே சென்றனர்? இல்லை. அரசன் தானே கப்பலேறினானா? கலங்களை அனுப்பினான் என்றே உள்ளது. ஆயினும் நம் கதைகளில் பலவற்றில் அவனே பாய்மரத்தடியில் வாளுயர்த்தி நிற்கிறான். அதுவே நம் கொம்பு வைத்த தலைக்கவசம்.

மெய்க்கீர்த்தி பொய் என்று நான் கூறவில்லை. அது அரசனைப் பாட எழுந்தது; மாலுமியைப் பாட எழுந்ததன்று. அதை வைத்து எழுதுவோர் அரசனின் பார்வையையே தம் பார்வையாகக் கொண்டுவிடுகின்றனர். கல் மௌனமாக இருக்கும் இடங்களே கதாசிரியனுக்குரிய இடம். அந்த இடத்தை அவன் எதைக்கொண்டு நிரப்புகிறான் என்பதே அவனுடைய தரத்தைக் காட்டும்.

மூன்று எழுத்தாளர்கள்

தமிழ்ப் புதினத்தில் கடலை வாசகர் கண்முன் கொணர்ந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் கடாரம் கதைக்களம் அன்று. கோடிக்கரையும் ஈழக்கடலுமே களம். ஆயினும் அங்கே கடலை அறிந்தவள் படகோட்டும் பூங்குழலி. இளவரசனையும் வந்தியத்தேவனையும் விடக் காற்றையும் அலையையும் அவளே நன்கு அறிவாள். அதனாலேயே அக்காட்சிகள் மனத்தை விட்டு அகல்வதில்லை. கடலைத் தொழிலாகக் கொண்டவர் கண்ணால் கடலைக் காட்ட வேண்டும் என்னும் பாடத்தைக் கல்கி அன்றே கற்பித்துவிட்டார், நாம்தான் கற்கவில்லை.

அடுத்து, சாண்டில்யன். 'கடல் புறா' மூன்று பாகங்களையும் விடிய விடியப் படித்த தலைமுறை என் தலைமுறை. கிள்ளானில் எங்கள் பக்கத்து வீடுகளில் அதன் பாகங்கள் அட்டை கிழிந்து கைமாறிக்கொண்டே இருந்தன. கருணாகரத் தொண்டைமான் வரலாற்று மனிதன். குலோத்துங்கனின் கலிங்கப் போர்த் தலைவன். அவனைக் கடற்போர் வீரனாக்கியது ஆசிரியரின் கற்பனை. அந்த உரிமை அவருக்கு உண்டு. மரக்கலத்தின் அமைப்பையும் கடற்போரின் சூழ்ச்சியையும் இவ்வளவு விரிவாகத் தமிழில் எழுதியவர் அவருக்கு முன் அரியர். குறை வேறிடத்தில் உள்ளது. கடாரமும் ஸ்ரீவிசயமும் அப்புதினத்தில் நாயகனின் வீரத்திற்கும் காதலுக்கும் அமைந்த மேடை. காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் அவனை நேசிக்கின்றனர். ஆனால் அம்மண்ணில் உழுதவரும் மீன் பிடித்தவரும் திரைச்சீலையில் எழுதிய உருவங்களாகவே நின்றுவிடுகின்றனர்.

மூன்றாமவர் அகிலன். இராசேந்திரன் காலத்தைக் களமாகக் கொண்ட 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அரசப் பொறுப்பின் சுமையை அது பொறுமையோடு காட்டுகிறது. எனினும் அரியணையின் உயரத்திலிருந்தே உலகைப் பார்க்கிறது. அதே அகிலன் 1970களில் இந்நாட்டுக்கு வந்து தோட்டங்களைக் கண்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். தமிழனின் கடற்பயணம் இரண்டையும், படையெடுத்து வந்த அரசுக்கலத்தையும் பால் வெட்ட ஆளேற்றி வந்த கப்பலையும், ஒரே பேனா தொட்டிருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு மொழியில் உள்ளன. ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

பொருட்பிழையும் மனப்பிழையும்

வரலாற்றுக் கதையில் பிழை இருவகைப்படும். ஒன்று பொருட்பிழை. ரப்பர் மரமும் மிளகாயும் சுல்தானும் அவ்வகை. இவற்றைத் திருத்துவது எளிது. நூலகத்தில் ஒரு வாரம் செலவிட்டால் போதும். செம்பனையையும் அவ்வாறே நீக்கிவிடலாம். அது ஆப்பிரிக்க மரம், கோல சிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிராக நடப்பட்டது 1917இல்.

மற்றொன்று மனப்பிழை. பதினோராம் நூற்றாண்டுப் படைவீரன் இருபதாம் நூற்றாண்டு மேடைப் பேச்சாளனைப் போல் இனம், மொழி என்று முழங்குவது மனப்பிழை. கடாரத்தார் அனைவரும் தோற்பதற்கென்றே பிறந்தவர்போல் வாய்மூடி நிற்பதும் மனப்பிழை. அக்காலத்து உறவு அவ்வளவு எளிதன்று. 1006ஆம் ஆண்டளவில் கடாரத்தரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே நிவந்தமாக அளித்தான். அதற்குச் சான்றாகிய செப்பேடுகள் உள்ளன. இருபது ஆண்டுகளுக்குள் அவன் மகனின் கலங்கள் அந்நண்பனின் நாட்டைத் தாக்கின. பின்னும் ஏறத்தாழ 1068இல் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அதன் அரசனிடமே திருப்பித் தந்ததாகக் கூறிக்கொள்கிறான். நட்பு, போர், மீண்டும் உறவு என்று அறுபது ஆண்டுக்காலச் சிக்கல் இது. நம் கதைகளிலோ ஒரே முழக்கமாக முடிந்துவிடுகிறது.

மூத்த நடுவரின் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ரப்பர் மரத்தை வெட்டிவிடலாம்; அதன் பின்னே ஒளிந்திருந்தவன் நெஞ்சில் உள்ளதை யார் திருத்துவது?

யாருடைய கடாரம்?

இங்கு என் சொந்த நினைவு ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். கிள்ளானுக்கு அடுத்த ஒரு தோட்டப் பள்ளியில் நான் படித்த காலத்தில் வாத்தியார் கடாரங் கொண்டான் கதையைச் சொல்வார். "இந்த நாட்டை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நாம ஜெயிச்சாச்சுடா" என்று அவர் முடிக்கும்போது எங்கள் மார்பு விரியும். மழைக்கு ஒழுகும் லயத்து வீட்டில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு அது தேவையாக இருந்தது. அவரை நான் குறை கூற மாட்டேன்.

பக்கத்துக் கம்பத்து மலாய்த் தோழன் ஒருவனிடம் அதைப் பெருமையோடு சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்படியானால் உன் தாத்தா போர் வீரராகவா வந்தார்?" என்று மட்டும் கேட்டான். என் தாத்தா ரஜூலா கப்பலில் ஒரு தகரப் பெட்டியோடு சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவர். 1972க்குப் பிறகு அத்துறைமுகத்திற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். அவர் கையில் வாள் இருந்ததில்லை. பால் வெட்டும் கத்திதான் இருந்தது.

அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. வெற்றியின் கதையை நம் உரிமைப் பத்திரமாகக் காட்டினால், அதைக் கேட்பவன் நம்மைப் படையெடுத்து வந்தவன் மரபாகவே காண்பான். ஒரு பருவத்துப் படையெடுப்பு எவருக்கும் நாட்டுரிமை தராது. உரிமை தந்தவை வேறு: காடு வெட்டியது, இருப்புப்பாதை இட்டது, சயாம் மரண ரயிலுக்கு உயிர் கொடுத்தது. இந்த வரலாற்றை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயி'லிலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்ன'த்திலும் எழுதிவிட்டனர். அவற்றில் அரசர் இல்லை, வெற்றியும் இல்லை. ஆயினும் அவற்றைப் படித்த மலேசிய வாசகர் எவரும், இது யாருடைய நாட்டுக் கதை என்று ஐயுற மாட்டார். அந்த நேர்மையை நாம் கடாரக் கதைக்கும் கொண்டு செல்ல வேண்டாமா?

எழுதப்படாத பக்கங்கள்

கடாரக் கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது இன்னும் எழுதப்படவில்லை என்றே சொல்கிறேன். எழுத எவ்வளவோ இருக்கிறது.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வங்கக்கடலில் கலத்தைக் கிழக்கே தள்ளும். திரும்ப வேண்டுமானால் வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது, வந்தவன் பல திங்கள் இக்கரையில் தங்கியே ஆக வேண்டும். அத்திங்களில் அவன் என்ன செய்தான்? யாரிடம் அரிசி வாங்கினான்? எந்தச் சொல்லால் விலை பேசினான்? மலாய் மொழியில் 'கப்பல்' இன்றும் காப்பால், 'கடை' கெடாய், 'முதல்' மோடால், 'பெட்டி' பெத்தி. இச்சொற்கள் வாள்முனையில் நுழைந்தவை அல்ல. காத்திருந்தவனும் கரையில் இருந்தவளும் பேசிப் பழகியதால் தங்கியவை. இந்தக் காத்திருப்பு நம் எந்தப் புதினத்தில் உள்ளது?

கடலோடியின் பெயரே வேண்டுமா? செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லில் மகாநாவிகன் புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயர் உள்ளது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு, மொழி வடமொழி, ஊர் செம்மண் எனப் பொருள்படும் இரக்தமிருத்திகை. பயணம் நலமாக முடிய வேண்டும் என்னும் வேண்டுதல் அதில் உள்ளது. அரசன் பெயரன்று, அஞ்சிய ஒரு மனிதனின் பெயர். தென் சயாமில் கிடைத்த உரைகல் ஒன்றில் பழந்தமிழ் எழுத்தில் அதன் உடைமையாளனாகிய பொற்கொல்லனின் பெயர் உள்ளது. வடநாட்டுத் தக்கிளி வில்லைக்கு அது இணை. தக்குவாபாவில் தமிழர் வெட்டிய குளத்தைக் காக்கும் பொறுப்பில் மணிக்கிராமத்தார் பெயர் காணப்படுகிறது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மரக்கல நாயன் உள்ளிட்டோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் கூறுகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு கதை.

இவற்றையெல்லாம் விட வியப்பானது 'செஜாரா மெலாயு'. அதில் ராஜா சூலன், ராஜா சூரன் என்று ஏட்டுக்கேற்ப வழங்கும் ஒரு தென்னாட்டு மன்னன் படையோடு வருகிறான்; கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்குகிறான்; அங்குள்ள இளவரசியை மணக்கிறான்; அவன் வழியில் மலாய் அரசர் பிறக்கின்றனர். தாக்கப்பட்டவர்கள் தாக்கியவனை மூதாதையாக்கிக் கொண்ட கதை அது. கோலாலம்பூரில் ஜாலான் ராஜா சூலான் வழியே நாள்தோறும் போகிறோம். அச்சாலை ஒரு பேராக் இளவரசரின் பெயர் தாங்கியது. ஆனால் அப்பெயரின் ஒலியில் அப்பழங்கதை இருக்கிறது. நம்முள் எத்தனை பேர் செஜாரா மெலாயுவை மெய்க்கீர்த்திக்குப் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறோம்? இரண்டையும் படித்தவனால்தான் கடாரக் கதையை இருகரையிலிருந்தும் எழுத முடியும்.

எழுதுவோர் ஒருமுறையேனும் மெர்போக்கிற்குச் செல்ல வேண்டும். 1217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையைப் பார்த்தால், கடலில் வழி தேடியவனுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பது புரியும். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் மீட்டமைத்த புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தைக் காணலாம். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய களங்களைக் காணலாம். கடாரத்தார் வெறும் கொள்ளைப் பொருளாகக் காத்திருந்தவர் அல்லர், இரும்பு செய்து விற்றவர் என்பதை அந்தக் களங்களே சொல்லும். 2013இல் ஒரு பழைய சண்டியின் அடித்தளம் நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டபோது நாம் வருந்தினோம். கதையிலும் அந்த மண்ணை நிரவிவிட்டு மேடை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அன்றே நினைத்திருக்க வேண்டும்.

அந்தப் போட்டிக்குக் கதை அனுப்பிய இளைஞர் பின்னர் என்னைத் தேடி வந்தார். பரிசு கிடைக்காத வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. ரப்பர் மரத்தையும் மிளகாயையும் சுல்தானையும் நீக்கித் திருத்திய படி கையில் இருந்தது. படித்துவிட்டு, "தம்பி, கடாரத்துக்காரர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லையே" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு கைப்படியை வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு மாதம் கழித்து மூன்றாம் படி வந்தது. அதில் போர் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. கதை முழுவதும், காற்றுக்காகக் காத்திருக்கும் காயம்பட்ட ஒரு தண்டலுக்கும், அவனுக்குக் கஞ்சி ஊற்றும் ஆற்றங்கரைக் கிழவிக்கும் இடையே நிகழ்கிறது. அவள் மகன் அந்தப் போரில் இறந்தவன். அவளுக்குப் பெயர் இருந்தது. இறந்த மகனுக்கும் பெயர் இருந்தது. அதில் இன்னும் குறைகள் உண்டு. நடை சில இடங்களில் தடுமாறுகிறது. ஆயினும் நம் மண்ணிலிருந்து எழுந்த கடாரக் கதை அதுவே என்று அவரிடம் சொன்னேன். இத்தகையவை இன்னும் பல எழுத வேண்டும்.